பின்பாரம்

வால்வு ஊசியைப் பல்லுக்கிடையில் கடித்துக்கொண்டு, இரண்டு கைகளாலும் ஹோஸை அழுத்திப் பிடித்திருந்தாள் அவள். டிராக்டரின் இடது பின்சக்கரம் அவள் நெஞ்சு உயரத்துக்கு நின்று கொடக் கொடக்கென்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. விடியற்காலையிலிருந்து குடிக்கிறது. தாகம் தீருவதாயில்லை.

மணி எட்டே முக்கால்.

பதினோரு மணிக்குள் இரண்டு பின்சக்கரங்களும் நிறைந்துவிட வேண்டும். பதினோரு மணிக்கு டயர்க்கடைக்காரர் வருவார். வந்ததும் பின்சக்கரத்தில் கையை வைப்பார். அந்தக் கைக்குத் தெரியாமல் டயருக்குள் எதையும் ஒளித்து வைக்க முடியாது. இல்லாததையும் ஒளித்து வைக்க முடியாது.

வால்வு வாயிலிருந்து தண்ணீர் பீறிட்டு முகத்தில் அடித்தது. நிறைந்துவிட்டது. ஹோஸைப் பிடுங்கினாள். பல்லிலிருந்த ஊசியை எடுத்து உள்ளே திருகினாள். கம்ப்ரஸரைப் போட்டு, மிச்ச இடத்துக்குக் காற்று ஏற்றி, ஜாக்கியை இறக்கினாள். பன்னிரண்டு வருடம் லோடர் ஓட்டுகிறவனோடு குடித்தனம் செய்தவளுக்கு இதற்கெல்லாம் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

ஒன்று முடிந்தது. ஜாக்கியைத் தூக்கிக்கொண்டு வலது பக்கம் ஓடினாள். அச்சுக்கு அடியில் சொருகினாள். கைப்பிடியை ஒரு முறை அழுத்தினாள். இரண்டாவது முறை.

வாசலில் மொபெட் சத்தம் கேட்டது.

ஜாக்கியை உருவி ஷெட் மூலைக்குத் தள்ளினாள். ஹோஸைக் காலால் சாக்குக்கு அடியில் நெட்டினாள். தண்ணீர் ஏற்றுகிற பித்தளை மூக்கை இடுப்பில் செருகிக்கொண்டு திரும்பினாள். டயர்க்கடைக்காரர் ஷெட் வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"என்ன தங்கச்சி, காலங்காத்தால வண்டியக் குளிப்பாட்டறியா?"

"சேறாக் கெடந்துச்சுண்ணே. அதான்."

"வண்டியக் குளிப்பாட்டினியா, வண்டி உன்னக் குளிப்பாட்டுச்சா?"

அவள் சிரிக்கப் பார்த்தாள். முகம் ஒத்துழைக்கவில்லை.

சைக்கிளுக்கு ஒட்டுப் போட்டுத் தொழிலை ஆரம்பித்தவர் அவர். இன்று கடை வாசலில் டயர் கம்பெனியின் போர்டு தொங்குகிறது, 'அங்கீகாரம் பெற்ற விற்பனையாளர்' என்று. போர்டு வந்தும் பேர் போகவில்லை. ஊருக்கு அவர் இன்னும் 'பஞ்சர்'தான். மரியாதை வேண்டுமென்றால் 'பஞ்சர் அண்ணன்'.

"பதினோரு மணின்னு சொன்னீங்களே."

"கம்பெனி ஆளு பத்து மணிக்கே வர்றானாம்மா. அவன் வர்றதுக்கு முன்னாடி நான் ஒரு தடவ நிதானமாப் பாத்துக்கணும்ல. பரீட்சைக்குப் போற பையன் வாசல்ல நின்னு புஸ்தகத்தப் பொரட்டற மாதிரி." மொபெட்டிலிருந்து மரச்சுத்தியலையும் காற்று அளக்கும் கருவியையும் எடுத்தார். "நேத்து ராத்திரி கண்ணே மூடல. போர்டு போனா போகட்டும், தகரம்தான். ஆனா ஒரு பையன் கால நான் வித்த டயர் தின்னுடுச்சுன்னு நாலு பேர் பேசறாங்க பாரு, அது சோத்துல கைய வெக்க விடமாட்டேங்குது."

அவள் டிராக்டரின் மூக்கைப் பார்த்தாள். முன்பக்கம் இரண்டு மரக்கட்டைகளின் மேல் உட்கார்ந்திருந்தது. வெடித்த இடது முன் டயர் நாக்கைத் தொங்கப் போட்ட மாதிரி விளிம்பிலிருந்து தொங்கியது.

இருபத்திரண்டு நாள் ஆகிறது.

வைக்கோல் கிடங்கு. ஒரு உருளை முந்நூற்றைம்பது கிலோ. அதை டிராக்டரின் முன்னால் மாட்டிய லோடர் கையால் குத்தித் தூக்கி, இரண்டு ஆள் உயரத்துக்கு அடுக்க வேண்டும். அவள் புருஷன் தூக்கினான். திரும்பினான். திரும்பும்போது வண்டியின் பின்பக்கம் தரையை விட்டு எழுந்தது. மொத்தப் பாரமும் இடது முன் டயரில் இறங்க, டயர் வெடித்து வண்டி சாய்ந்தது. உருளை கழன்று உருண்டது. கீழே கயிற்றோடு நின்றவன் அவள் தம்பி.

கிடங்கு முதலாளி அன்று சாயங்காலமே டயர் கம்பெனிக்கு எழுதிப் போட்டார்: 'முன் டயர் வெடித்ததால் விபத்து.' வெடித்த டயரை எல்லோரும் பார்த்தார்கள். அது கண்ணுக்குத் தெரிகிற சங்கதி.

பின் டயருக்குள் என்ன இருந்தது, என்ன இல்லை என்று யாரும் பார்க்கவில்லை.

"மொதல்ல தம்பியப் பாத்துட்டு வந்துடறேன்" என்றார் பஞ்சர்.

முன்னறையில் ஜன்னலோரக் கட்டிலில் கிடந்தான் தம்பி. வலது கால் முழங்கால் வரை மாவுக்கட்டு. கணுக்கால் எலும்பை மூன்று ஆணி போட்டுப் பிடித்திருக்கிறார்கள். காலைக் காப்பாற்றிவிட்டோம் என்றார் டாக்டர். கணுக்கால் இனி மடங்காது என்பதை வராந்தாவுக்குக் கூப்பிட்டுச் சொன்னார். மின்வாரியத்தில் கம்பம் ஏறுகிற வேலைக்கு எழுத்துத் தேர்வில் தேறியிருந்தான் அவன். அடுத்த மாதம் ஏறிக் காட்ட வேண்டிய தேர்வு. ஏறிப் பழகுவதற்காக வாங்கிய பெல்ட் சுவரில் ஆணியில் தொங்கியது. அதைக் கழற்றி வைக்க வீட்டில் யாருக்கும் கை வரவில்லை.

"வாங்க பஞ்சர் அண்ணே. எனக்கும் ஒரு ஒட்டுப் போட்டுட்டுப் போங்க."

"ஒனக்கு டியூபே மாத்தணும்டா."

"மாத்துங்க. பழச எங்க அக்காகிட்ட குடுங்க, வாளிக்கு வளையம் பண்ணிக்கும்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். தம்பி சிரித்துக்கொண்டே அக்காவைப் பார்த்தான். முழங்கால் வரை நனைந்திருந்தாள். அவன் சிரிப்பு அங்கேயே நின்றது.

"மாமா எங்கக்கா?"

"எக்ஸ்ரே வாங்கப் போயிருக்கார்."

புருஷன் அன்றிலிருந்து ஷெட் பக்கமே வருவதில்லை. கட்டிலில் இருப்பவனுக்கு முகம் துடைத்து விடுகிறான், சோறு ஊட்டுகிறான், மருந்துக்கு நாலு மைல் நடக்கிறான். டிராக்டர் பேச்சு எடுத்தால் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுகிறான். புது டயர் போட வேண்டுமே என்று கேட்டதற்கு, "நீயே பாத்துச் சொல்லிடு" என்றான். தன் வண்டிக்கு ஒரு போல்ட்டைக்கூடத் தானே பொறுக்கி எடுத்துப் பூட்டுகிறவன்.

ஆகவே டயர் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு அவள் தலையில் விழுந்திருந்தது.

பஞ்சர் டீயை வாங்கிக்கொண்டு முற்றத்தில் குந்தினார். பைக்குள்ளிருந்து சாக்குக்கட்டி எடுத்து, புதிதாகப் பூசிய சிமெண்ட் தரையில் ஒரு டிராக்டர் வரைந்தார். பன்றி மாதிரி வந்தது.

"இங்க பாரு. இது முன்டயர். இப்ப இருந்தது எட்டு அடுக்கு. உழவு வண்டிக்கு அது போதும். ஆனா நீங்க மூஞ்சில லோடர மாட்டிட்டீங்க. அப்பவே சொன்னேன், பத்து அடுக்கு போடுங்கன்னு. ஒன் வீட்டுக்காரர், இது தேயட்டும்ணேன்னார். சரி, அது அவர் தப்பும் இல்ல. எட்டுலயும் ஓட்டறவன் ஓட்டறான். காத்த மட்டும் ஒழுங்கா வெக்கணும்."

"இப்ப எது போடணும்?"

"பத்து. கண்ண மூடிட்டுப் போடு. டயர் மேல புடைச்சிருக்கற பட்டன்ல ரெண்டு வகை இருக்கு. ஒண்ணு ஒசரமா, இடைவெளி விட்டு இருக்கும். சேத்துல பிடிக்கும். ஆனா கெட்டித் தரையில நின்ன எடத்துல திருப்பினா சீக்கிரம் தேஞ்சிடும். இன்னொண்ணு அகலமா, நெருக்கமா இருக்கும். கிடங்கு வேலைக்கு அதான். ஒங்க கிடங்கு பாதி சிமெண்ட், பாதி மண்ணு. என்ன செய்வே?"

அவள் யோசித்தாள். கணக்குப் போட வேண்டிய வேலை மனசுக்குக் கொஞ்சம் ஓய்வாக இருந்தது. "வருஷத்துல ரெண்டு மாசந்தான் சேறு. மீதி பத்து மாசம் சிமெண்ட்லதான் திரும்புது. அகலமானதே போடுங்க. அந்த ரெண்டு மாசம் மெதுவா ஓட்டட்டும்."

"ஒன் வீட்டுக்காரரவிட நீ நல்லா யோசிக்கிற." டீயை உறிஞ்சினார். "ஆனா தங்கச்சி, முன்டயர்ல நான் தங்கத்தையே கட்டினாலும் ஒண்ணும் ஆகாது. முன்னாடி பாரம் தூக்கற வண்டிக்கு உசிரு பின்னாடி இருக்கு. நீ ஒரு கையில தண்ணி வாளி தூக்கினா என்ன பண்றே? இன்னொரு கை தானா வெளிய போவுதுல்ல? இடுப்பு சாயுதுல்ல? ஒடம்புக்கு அந்த அறிவு இருக்கு. வண்டிக்கு இல்ல. நாமதான் பின்பாரம் வெக்கணும்."

சாக்குக்கட்டியால் பன்றியின் பின்பக்கத்தில் பெரிய வட்டம் போட்டார். முக்கால் பாகத்தைத் தேய்த்து நிரப்பினார்.

"இரும்புத் தட்டு பூட்டலாம். கான்கிரீட் கட்டி வார்த்துப் பின்னாடி மாட்டலாம். கண்ணுக்குத் தெரியும், இருக்கா இல்லையான்னு பாத்த ஒடனே சொல்லிடலாம். ஆனா எடத்த அடைக்கும். தண்ணி எடத்த அடைக்காது. ஒரு சக்கரத்துக்கு இருநூத்தம்பது லிட்டர், ரெண்டுக்கும் அரை டன். சத்தமில்லாம உள்ள உக்காந்து உசிரக் காப்பாத்தும்."

"எனக்குக் கான்கிரீட் கட்டி போதும்ணே."

"ஏம்மா?"

"கண்ணுக்குத் தெரியுமே."

அவர் அவளை ஒரு கணம் பார்த்தார். பிறகு பார்வை தரையில் நழுவியது. "தரைய நல்லா பூசியிருக்கே. யார் கை?"

"தம்பியும் நானும்."

"மூலையில விரிசல் விட்டிருக்கே."

"வண்டி ஏறிடுச்சு."

"ஏறாதா பின்ன. பச்ச சிமெண்ட்டு மேல அரை டன் தண்ணியோட ஏறினா அது என்ன பண்ணும் பாவம்."

அவள் காலி டம்ளரை வாங்கிக்கொண்டு வேகமாக உள்ளே போனாள்.

அடுப்படியில் நின்று சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

அந்த விரிசல்தான். உள்ளங்கை நீளம்கூட இல்லாத விரிசல்.

விபத்துக்கு முன்னால் புருஷன் மூன்று நாள் அவன் அக்கா வீட்டுக்குப் போயிருந்தான். மழைத் தண்ணீர் வருடா வருடம் வாசற்படி ஏறி வீட்டுக்குள் வந்துகொண்டிருந்தது. அவன் வருவதற்குள் முற்றத்தைப் பூசிக் காட்ட வேண்டும் என்று அவளும் தம்பியும் மண்டியிட்டுப் பூசினார்கள். ஷெட்டிலிருந்து வண்டி வெளியே போக அந்த முற்றம் ஒன்றுதான் வழி. மறுநாள் கிடங்கிலிருந்து ஆள் வந்து வண்டியைக் கேட்டான். தம்பி எடுத்தான். ஓரமாகத்தான் எடுத்தான். மூலை விரிந்தது. அவளுக்கு வயிறு எரிந்தது.

"தண்ணிய எறக்கிடுடா. அரை டன் கொறையும். சிமெண்ட் எறுகற வரைக்கும் ரெண்டு நாளைக்கு."

"மாமாவக் கேக்காமயா?"

"மாமா வந்து என்ன சொல்லப்போறார். ரெண்டு நாள்தானே. நான் சொல்லிக்கறேன்."

வால்வைக் கீழே கொண்டுவந்து ஊசியைக் கழற்றினான். பெரிய மிருகம் ஒன்றுக்குப் போவது மாதிரி அரை மணி நேரம் பீய்ச்சியது. அக்காவும் தம்பியும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பிறகு காற்றை மட்டும் ஏற்றி வைத்தார்கள். பார்க்க ஒரு வித்தியாசமும் இல்லை.

மூன்றாம் நாள் தம்பி உடற்தகுதிச் சான்றிதழ் வாங்க ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினான். படியில் நின்று, "தண்ணி ஏத்தணும், மாமாகிட்ட சொல்லிடு" என்றான். சரி என்றாள். மத்தியானம் புருஷன் வந்தான். வந்தவன் உட்காரவில்லை. மேகம் கறுத்திருக்கிறது, நாற்பது உருளை வெளியில் கிடக்கிறது, முதலாளி கத்துகிறார் என்று தட்டில் இருந்ததை நின்றபடி வாயில் போட்டுக்கொண்டான். முற்றத்தைப் பார்த்து, "அட, யார் வேலை இது" என்று சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தச் சிரிப்பில் மறந்தாள். வண்டி கேட்டைத் தாண்டின பிறகு ஞாபகம் வந்தது. ஓடிப் போய்ச் சொல்லியிருக்கலாம். கிடங்கு ஒன்றும் கடல் தாண்டி இல்லை. ஆனால் அடுப்பில் பால் இருந்தது. ஒரு நாள்தானே, சாயங்காலம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள்.

காய்ச்சிய பால் ஆறுவதற்குள் கிடங்கிலிருந்து ஆள் ஓடி வந்தது.

ஆஸ்பத்திரியில், மயக்கம் தெளிந்ததும் தம்பி கேட்ட முதல் கேள்வி, "தண்ணி ஏத்தினியா?" அவள் தலையை ஆட்டினாள், இல்லை என்று. அவன் ரொம்ப நேரம் மேலே சுழல்கிற விசிறியைப் பார்த்துவிட்டு, "மாமாகிட்ட வாயத் தெறக்காதக்கா" என்றான். அதோடு சரி. அந்தப் பேச்சை அவன் திரும்ப எடுக்கவேயில்லை.

ஷெட்டிலிருந்து சுத்தியல் சத்தம் கேட்டது.

தொப்.

இடது சக்கரம். நிறைந்த சத்தம்.

தொப். தொப்.

அவள் வாசலுக்கு வருவதற்குள் அவர் வலது பக்கம் போயிருந்தார்.

டம்ம்ம்.

காலிப் பீப்பாயைத் தட்டினது மாதிரி. ஷெட்டுத் தகரம் அதை வாங்கித் திருப்பிச் சொன்னது.

மறுபடியும் தட்டினார். டம்ம்ம். சுத்தியலைக் கீழே வைத்தார். கையை வைத்தார். கீழிருந்து மேலே தடவிக்கொண்டே போனார். இடது சக்கரத்துக்கு வந்து அதையும் தடவினார். முக்கால் உயரம் வரைக்கும் சில்லென்று இருந்திருக்கும். அதற்கு மேல் வெதுவெதுப்பு. மறுபடி வலதுக்குப் போனார். கீழிருந்து மேல் வரை ஒரே வெதுவெதுப்பு.

அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

"அண்ணே."

"நான்தாம்மா."

"என்னண்ணே?"

"நான்தான். முதலாளி சொன்னதுல தப்பே இல்ல. டயர்தான் வேறயே தவிர, ஆளு நான்தான்." குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "ரெண்டு மாசம் முன்னாடி இந்த வலது சக்கரத்துக்கு ஒட்டுப் போட வந்தேன்ல. தண்ணிய எறக்கினேன். ஒட்டினேன். காத்து வெச்சேன். அப்ப போன் வந்துச்சு, பொண்ணுக்கு வலி எடுத்துடுச்சுன்னு. போட்டது போட்டபடி ஓடினேன். பேரன் பொறந்தான். அந்த சந்தோஷத்துல ரெண்டு நாள் தூங்கல. திரும்பி வந்து தண்ணி ஏத்தினேனா, ஏத்தலயா, எவ்வளவு யோசிச்சாலும் ஞாபகமே வரல. இப்ப டயரே சொல்லுது. இடது நெறஞ்சிருக்கு. வலது காலி. ஒரு பக்கம் கனம், ஒரு பக்கம் லேசு. திரும்பினா லேசான பக்கம் எழும்பும், வண்டி இடது பக்கமா சாயும். அதான் இடது முன்டயர் வெடிச்சிருக்கு. எல்லாம் கணக்கா வருது பாரு."



பேரன் பிறந்த மறுநாள் காலையே அவர் திரும்பி வந்தார். அவளுக்குத் தெரியும். வாயெல்லாம் பல்லாக வந்தார், ஒரு பை நிறைய ஆரஞ்சு கொண்டுவந்து கொடுத்தார், பேரனுக்கு யார் மூக்கு என்று சொல்லிக்கொண்டே வலது சக்கரத்தில் தண்ணீர் ஏற்றினார். ஹோஸைப் பிடித்துக்கொண்டு நின்றவளே அவள்தான். ஆரஞ்சு இனிப்பாக இருந்தது என்பதுகூட ஞாபகம் இருந்தது.

ஒரு வார்த்தை. 'ஏத்தினீங்கண்ணே, நான்தான் ஹோஸப் பிடிச்சேன்.' அவ்வளவுதான். ஆனால் அதைச் சொன்னால் அடுத்த கேள்வி வரும். அப்படியென்றால் தண்ணீர் எங்கே போயிற்று?

அவள் சொல்லவில்லை.

தன் தப்பை மறைக்கத்தான் விடியற்காலையில் எழுந்தாள். பாதியில் நின்றுபோன அந்த மறைப்பு, அழகாக இன்னொருத்தர் கழுத்துக்கு அளவெடுத்த மாலையாகிவிட்டது.

பஞ்சர் எழுந்து கையைத் தட்டிக்கொண்டார். மொபெட்டிலிருந்து ரசீதுப் புத்தகத்தை எடுத்து, ஒரு தாளின் பின்பக்கத்தில், சக்கரத்தின் மேலேயே வைத்து எழுதினார். எழுதுகிற பழக்கம் இல்லாத கை. ஒவ்வொரு எழுத்தையும் செதுக்கினார். வலது பின் டயரில் தண்ணீர் நிரப்பாமல் விட்டது என் தவறு. டயர் மீது குறை இல்லை. கையெழுத்து.

"அவசரப்படாதீங்கண்ணே. அவர் வரட்டும்."

"ஒன் வீட்டுக்காரர் மூஞ்சிய எப்படிம்மா பாப்பேன். பன்னண்டு வருஷமா என் கையால காத்தடிச்ச வண்டி." தாளைக் கிழித்து மடித்தார். "மொதல்ல அந்தப் பையன்கிட்டச் சொல்லணும்."

முன்னறைக்குள் அவர் செருப்பைக் கழற்றிவிட்டுப் போனார். முதல் தடவை கழற்றாமல் போனவர்.

கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று சொன்னார். நின்றபடி சொல்ல முடியாமல், மாவுக்கட்டுக்குப் பக்கத்தில் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு குந்தினார். "இடது நெறஞ்சிருக்குடா. வலதுதான் காலி. நான் விட்டது."

தம்பி நிமிர்ந்தான். "இடது நெறஞ்சிருக்கா?"

"முக்காலும்."

அவன் மெதுவாக அக்காவைப் பார்த்தான். முழங்கால் ஈரத்தைப் பார்த்தான். இடுப்பில் துருத்திக்கொண்டிருந்த பித்தளை மூக்கைப் பார்த்தான். இரண்டு டயரையும் வெறுமையாக்கிய கை அவன் கை. அவனுக்குக் கணக்கு சொல்லித் தர வேண்டியதில்லை.

சுவரில் தொங்கிய பெல்ட்டின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அடித்திருந்தால்கூடத் தேவலை என்று அவளுக்கு இருந்தது.

"திட்டுடா ரெண்டு வார்த்த" என்றார் பஞ்சர்.

"அக்கா." சுவரைப் பார்த்தபடியே கூப்பிட்டான். "அவர எழுப்பி நாற்காலியில உக்கார வை. வயசானவர்."

அப்போதுதான் புருஷன் வந்தான். கையில் எக்ஸ்ரே உறை. வாசற்படியில் நின்று மூன்று பேரையும் பார்த்தான். தரையில் குந்தியிருக்கிற பஞ்சர், சுவரைப் பார்க்கிற மச்சினன், நடுவில் நனைந்து நிற்கிற பெண்டாட்டி.

"என்ன ஆச்சு?"

பஞ்சர் தாளை நீட்டினார். அவன் வாங்கி வாசித்தான். வாசித்து முடித்தும் தலை நிமிரவில்லை. இரண்டு வரிக்கு அவ்வளவு நேரம் தேவையில்லை.

"வலது மட்டுமா?" என்றான். குரல் வினோதமாக இருந்தது.

"இடதுல தண்ணி இருக்கு. தட்டிப் பாத்தேன்."

அவள் இடுப்பிலிருந்து பித்தளை மூக்கை உருவித் தரையில் வைத்தாள். சிமெண்டில் அது கிண் என்றது.

"இடதுல தண்ணி இன்னிக்குக் காலையில நான் ஏத்தினது."

ஆரம்பித்தபின் அவளால் நிறுத்த முடியவில்லை.

"அண்ணே, நீங்க ஏத்தினீங்க. பேரன் பொறந்த மறுநாளே வந்து ஏத்தினீங்க. நான்தான் ஹோஸப் பிடிச்சேன். ஆரஞ்சு கொண்டாந்தீங்களே, ஞாபகம் இல்லையா? சொல்லாம நின்னேன். உங்கள எழுத விட்டுட்டுப் பாத்துக்கிட்டு நின்னேன். தண்ணிய எறக்கச் சொன்னது நான். தம்பி மாட்டேன்னான், நான்தான் எறக்கச் சொன்னேன். முத்தம் விரிஞ்சிடும்னு. ரெண்டு டயரும் காலி. ஏங்க, உங்ககிட்டச் சொல்றேன்னு அவன்கிட்டச் சொன்னேன். மறந்துட்டேன். நீங்க வண்டிய எடுத்தப்புறம் ஞாபகம் வந்துச்சு. ஓடி வந்திருக்கலாம். அடுப்புல பால் இருந்துச்சு. பாலப் பாத்துக்கிட்டு நின்னேன். ஒண்ணும் தெரியாத உங்கள அந்த வண்டியில அனுப்பிட்டேன். எந்தம்பி கால நான்தான்..."



பஞ்சர் இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கோபமா நிம்மதியா என்று அவருக்கே தெரியாத முகம். "ஏத்தினேனா" என்றார், மெல்ல. "ஏத்தினேனா நான்."

அவள் புருஷனின் காலடியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அறை விழும் என்று எதிர்பார்த்தாள். விழ வேண்டும் என்று விரும்பினாள்.

அவன் எக்ஸ்ரே உறையைக் கட்டில்மேல் வைத்தான். அதற்குப் பக்கத்தில், மச்சினனின் காலடியில், தானும் உட்கார்ந்தான்.

"எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லாத" என்றான்.

"மாமா, வேணாம்" என்றான் தம்பி சட்டென்று. சுவரை விட்டுத் திரும்பியிருந்தான்.

"இருடா மாப்ள. இருபத்திரண்டு நாள் நீ வாயக் கட்டிக்கிட்டது போதும்." தாளை நீவினான், நீவினான், மடிப்பு போகிற வரை நீவினான். "அண்ணே, நீங்க சொல்லுங்க. பன்னண்டு வருஷமா ஒரே சீட்டுல உக்காந்தவனுக்கு, பின்னாடி அரை டன் இல்லன்னா தெரியாதா?"

பஞ்சர் ஷெட் பக்கம் பார்த்தார்.

"தண்ணி இருந்தா வண்டி பள்ளத்துல எறங்கி ஏறும். இல்லன்னா குதிக்கும். நம்ம கேட்டுக்கிட்ட இருக்கற பள்ளத்துல குதிச்சுது. வீட்டத் தாண்டறதுக்கு முன்னாடியே தெரிஞ்சுபோச்சு. எறங்கி ஒரு தட்டு தட்டிப் பாத்திருக்கணும். தண்ணி ஏத்த ஆறு மணி நேரம் ஆகும். மேகம் தலைக்கு மேல நிக்குது. நாப்பது உருளை வெளிய கெடக்குது. மெதுவாத் தூக்கினா ஆச்சுன்னு நெனச்சேன். எத்தன வண்டிய பாத்திருக்கோம்னு ஒரு திமிர்."

அன்று மழை வரவேயில்லை. மேகம் சும்மா வந்து பார்த்துவிட்டுப் போனது.

அவன் பெண்டாட்டியின் பக்கம் திரும்பினான். "நீ ஆஸ்பத்திரியில அழுதே. தினம் ராத்திரி திரும்பிப் படுத்து அழுதே. நீ எதையோ மறைக்கறேன்னு எனக்குத் தெரியும். கேக்கல. கேட்டா, உங்களுக்கு எப்படித் தெரியும்னு நீ திருப்பிக் கேப்பியே." அவன் மச்சினனின் மாவுக்கட்டின் மேல் கையை வைத்தான். பஞ்சர் டயரில் வைப்பது மாதிரி, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பது மாதிரி.

வெளியே ஜீப் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. கதவு திறந்து மூடியது. கம்பெனி ஆள் யாரையோ, "டயர்க்கடைக்காரர் இங்கதானே?" என்று கேட்டான்.

புருஷன் வாசல் பக்கம் திரும்பவில்லை. "அன்னிக்கு இவன் ஆஸ்பத்திரியிலேர்ந்து நேரா கிடங்குக்கு வந்தான். கயிற எடுத்தான். எடுத்தவன் உருளைக்கிட்ட வரல. அங்கயே நின்னான். நின்னு, 'மாமா, பின்னாடி கனமா இருக்கா'ன்னு கேட்டான்."

தம்பி கண்ணை மூடிக்கொண்டான்.

"கேட்டான். ரெண்டு தடவ கேட்டான்."

"நீங்க என்ன சொன்னீங்க?" என்றாள் அவள்.

"'மலை மாதிரி இருக்கு, வாடா உள்ள'ன்னேன்."